பாக்ஸ்லோவிட் ஐவர்மெக்டினோட காப்பியா?

பாக்ஸ்லோவிட் ஃபைசர் கம்பெனியோட கோவிட் மாத்திரை, ஐவர்மெக்டின் பழைய புழு மருந்து. 2021 நவம்பர்ல ஃபைசர் பாக்ஸ்லோவிட் ட்ரையல் ரிசல்ட் விட்டதுல இருந்தே "ரெண்டும் வைரஸோட புரோட்டியேஸ்ங்கிற என்சைமைத்தான் அடைக்குது, சீப்பான ஐவர்மெக்டினுக்கு பேர மாத்தி விக்கிறாங்க"ன்னு ஒரு பேச்சு. கேட்டா வருத்தமா இருக்கு, ஏன்னா இத நம்பி நாள கடத்தினா பாக்ஸ்லோவிட் ஆரம்பிக்க வேண்டிய, அறிகுறி வந்த அந்த மொத 5 நாள் போயிடும்.

ஐவர்மெக்டின் மண்ணுல இருந்து வந்தது. ஜப்பான்ல ஓமுராங்கிற விஞ்ஞானி எடுத்த மண்ணுல இருந்த பாக்டீரியாதான் மூலம், மாலிக்யூல் எடை 875 கிட்ட, புழுவோட நரம்புல குளோரைடு சேனலைத் திறந்து விட்டு அத முடக்கிடும். ஆப்பிரிக்கால புழுவால பார்வை போகாம எத்தனையோ பேரோட கண்ண காப்பாத்துன மருந்து, 2015 நோபல் அதுக்கு தகும். பாக்ஸ்லோவிட்ல இருக்குற நிர்மாட்ரெல்விர் லேப்ல கட்டுனது, எடை 500 கூட வராது. வைரஸ் தன்னோட புரோட்டீனை வெட்டிக்க வச்சிருக்குற கத்தரிதான் புரோட்டியேஸ், அதுல 145வது இடத்துல இருக்குற சிஸ்டீன்ங்கிற அமினோ அமிலத்தையே போய் புடிச்சுக்கும்.

ஐவர்மெக்டினும் அடைக்குதேன்னு காட்டுறது பெரும்பாலும் கம்ப்யூட்டர்ல பொருத்திப் பாத்ததும் டெஸ்ட் ட்யூப்ல பாத்ததும்தான். 2020ல ஆஸ்திரேலியாவோட மோனாஷ் யுனிவர்சிட்டி காரங்க செல்லுல போட்டு வைரஸ் கொறஞ்சதுன்னு காட்டுனது 5 மைக்ரோமோலார்ங்கிற அடர்த்தில, நாம முழுங்குற டோஸ்ல ரத்தத்துல அதவிட பல பத்து மடங்கு கம்மியாத்தான் ஏறும். ரெண்டாவது அலைல நம்ம நாட்டு சிகிச்சை முறைலயே 3 நாள் ஐவர்மெக்டின் இருந்துச்சு, நானும் வீட்டுல வாங்கி வச்சிருந்தேன், அப்ப பயத்துல யார குத்தம் சொல்றது? ஆனா 2021 செப்டம்பர்ல அந்த சிகிச்சை முறைல இருந்து அத நீக்கிட்டாங்க, பிரேசில்ல 1358 பேர வச்சு நடந்த டுகெதர் ட்ரையல்லயும் ஆஸ்பத்திரி அட்மிஷன் கொறையல.

பாக்ஸ்லோவிட், தடுப்பூசி போடாத ரிஸ்க் அதிகமான ஆளுங்களுக்கு 3 நாளுக்குள்ள கொடுத்தப்ப அட்மிஷனும் சாவும் 89% கொறைஞ்சுது. ரிஸ்க் கம்மியானவங்ககிட்ட பண்ண ட்ரையல்ல பெருசா வித்தியாசம் தெரியல, அதையும் சேத்தே சொல்லணும்.

அப்புறம், பழைய மருந்து ஒண்ணு பாக்ஸ்லோவிட்குள்ள நெஜமாவே இருக்கு, ஆனா அது ஐவர்மெக்டின் இல்ல. ஒரு வேளைக்கு ரெண்டு பிங்க் மாத்திரை, ஒரு வெள்ள மாத்திரை. வெள்ளதான் ரிட்டோனாவிர், 1996ல எச்ஐவிக்கு வந்தது. கல்லீரல் நிர்மாட்ரெல்விர சீக்கிரம் கரைச்சுடாம தடுக்கத்தான் அது, ஆனா அதே வேலையால சிம்வாஸ்டாட்டின் மாதிரி மாத்திரையும் ஒடம்புல ஏறிப்போகும், அதனால கொலஸ்ட்ரால், இதயம்னு எதுக்கு மாத்திரை போட்டாலும் மொதல்ல அந்த மருந்துச் சீட்ட டாக்டர்கிட்ட காட்டுங்க.