25 வயதிலும் காக்க வேண்டிய ரகசியம்: சிக்னல் செயலி பற்றி ஒரு வழக்கறிஞர்

மதுரையில் குடும்ப நல வழக்குகள் நடத்துகிறேன். வக்காலத்தில் கையெழுத்துப் போட்ட கையோடு கட்சிக்காரர்கள் அனுப்பத் தொடங்கிவிடுவார்கள்: மருத்துவமனைச் சீட்டு, காயத்தின் படம், நள்ளிரவில் பதிந்த குரல், பிள்ளையைப் பற்றிய மனநல அறிக்கை. 4 வயதுக் குழந்தையைப் பற்றிய அந்த அறிக்கை, அவளுக்கு 25 வயதாகி வேலைக்குப் போகும் நாளிலும் ரகசியமாகவே இருக்க வேண்டும். செய்தி அனுப்பவும் பேசவும் உதவும் சிக்னல் செயலியை நான் எடை போடுவது இந்தக் கணக்கை வைத்துத்தான். 3 ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். கட்சிக்காரர்களையும் அதற்கு மாற்றி வருகிறேன்.

இலவசம், விளம்பரம் கிடையாது, லாப நோக்கமற்ற அறக்கட்டளை ஒன்று நடத்துகிறது. 2016இல் அமெரிக்காவில் வந்த ஓர் அழைப்பாணைக்கு அவர்களால் கொடுக்க முடிந்தது, கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் மட்டுமே. வேறு எதையும் சேர்த்து வைத்திருக்கவில்லை. நீதிமன்றம் கேட்டால் எதைக் கொடுத்தாக வேண்டும் என்று தினமும் யோசிக்கும் எனக்கு, இது பெரிய நற்சான்று.

அதைவிடவும் என் மதிப்பைப் பெற்றது சமீப ஆண்டுகளில் உள்ளே நடந்திருக்கும் வேலை. குவாண்டம் இயற்பியலின் விதிகளைக் கொண்டு கணக்கிடும் குவாண்டம் கணினி ஒன்று போதிய வலுவோடு கிடைத்தால், இணையத்தைக் காக்கும் பொதுச் சாவி முறைகளை (எல்லோருக்கும் தரும் ஒரு சாவி, தன்னிடமே வைத்துக்கொள்ளும் ரகசியச் சாவி என்ற இணையில் இயங்கும் பூட்டுகளை) உடைத்துவிடலாம் என்று 1994இலேயே கணிதவியலாளர் பீட்டர் ஷோர் காட்டிவிட்டார். அத்தகைய கணினி இன்னும் வரவில்லை. ஆனால் மறையாக்கிய, அதாவது சாவியில்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிய, செய்திகளை இன்றே பிடித்துக் குவித்து வைத்து, அது வந்த பிறகு திறந்து படிக்கலாம். பத்து நாளில் பழசாகிவிடும் செய்தி என்றால் கவலையில்லை. என்னிடம் இருப்பவை அப்படிப்பட்டவை அல்ல.

2023 செப்டம்பரில், இருவர் முதன்முதலாகப் பேசத் தொடங்கும்போது நடக்கும் சாவிப் பரிமாற்றத்தில், பழைய முறையோடு, குவாண்டம் கணினிக்கும் தாக்குப்பிடிக்கும் என்று கருதப்படும் கைபர் என்ற புதிய முறையையும் சிக்னல் சேர்த்தது. இரண்டையும் உடைத்தால்தான் உள்ளே நுழைய முடியும். பின்னர் 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், கைபரை எம்எல்-கெம் என்ற பெயரில் தரமாக அறிவித்தது.

வாசலைப் பூட்டினால் மட்டும் போதாது. சைக்கிளின் பின்சக்கரத்து ஃப்ரீவீல் ஒரு திசையில் மட்டும் பிடிப்பதுபோல, சிக்னலில் ஒவ்வொரு செய்திக்கும் சாவி ஒரு பல் முன்னே நகரும், பின்னே திரும்பாது. இன்றைய சாவியைத் திருடியவனுக்கு நேற்றைய செய்தி கிடைக்காது. பதில்கள் போய்வரும்போது புது ரகசியமும் கலக்கப்படுவதால் நாளைய செய்தியும் அவன் கையை விட்டுப் போய்விடும். இந்தக் கலப்பு பழைய கணிதத்தையே நம்பியிருந்தது. 2025 அக்டோபரில் அதற்கும் குவாண்டம் காப்பை அறிவித்தார்கள். இங்கேதான் எனக்கு வியப்பு. பழைய பொதுச் சாவி வெறும் 32 பைட். புதியது 1,184 பைட். ஒவ்வொரு செய்தியோடும் அதைச் சுமக்கவைத்தால் மலையடிவாரக் கிராமத்தில் ஒற்றைக் கோடு மட்டும் காட்டும் நெட்வொர்க்கில் பேசுகிறவர் என்ன செய்வார்? ஆகவே சாவியைத் துண்டுகளாக்கி, செய்திக்கு ஒரு துண்டாக அனுப்புகிறார்கள். சில துண்டுகள் வழியில் தொலைந்தாலும், எவையேனும் போதிய எண்ணிக்கையில் சேர்ந்தால் முழுச் சாவியும் உருவாகிவிடும். என் கைபேசியில் எந்த மாற்றமும் தெரியவில்லை. நல்ல பாதுகாப்பு இப்படித்தான் இருக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. பதிவு செய்யக் கைபேசி எண் வேண்டும். எதிர்ப்பக்கத்தில் இருப்பவரிடமும் இதே செயலி இருந்தாக வேண்டும். வழக்குக்குப் பயன்படுத்துவோருக்கு இன்னொன்று: படமாக அனுப்பினால் அளவு சுருக்கப்படுகிறது. இந்தியச் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63ஆம் பிரிவின் சான்றிதழில் மின்னணுப் பதிவின் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறியீட்டைக் குறிப்பிட வேண்டும். சுருங்கிய படத்தின் ஹாஷ் மூலப் படத்தோடு பொருந்தாது. ஆகவே கோப்பாக இணைத்து அனுப்பச் சொல்கிறேன், மூலத்தை அழிக்கவே வேண்டாம் என்கிறேன். தானாக மறையும் செய்திகளைச் சாட்சியத்துக்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

முதல் சந்திப்பிலேயே என் மேசையில் இரண்டு வேலைகளை முடித்துவிடுகிறேன். இருவர் கைபேசியையும் எதிரெதிரே வைத்து, நடுவில் வேறு யாரும் புகவில்லை என்று உறுதிசெய்யும் 60 இலக்கப் பாதுகாப்பு எண்ணை ஸ்கேன் செய்து சரிபார்க்கிறோம். அடுத்து, அமைப்புகளில் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலைத் திறந்து பார்க்கிறோம். என்னிடம் வரும் பெண்களில் பலர் இன்னும் எதிர்த்தரப்போடு ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். தெரியாத மடிக்கணினி ஒன்று அந்தப் பட்டியலில் இருந்தால், செய்திகளை அதிலேயே படித்துவிடலாம்; எம்எல்-கெம்மால் எதுவும் செய்ய முடியாது. அதை நீக்கிவிட்டு, திரைப்பூட்டு போட்டு, கடவு எண்ணை மாற்றிய பிறகுதான் வழக்கைப் பற்றிப் பேசவே தொடங்குகிறேன்.