ரைசன் 5 5600: விளையாட்டுக் கணினிக்கு ஆறு கோர்கள் போதுமா?

யாழ்ப்பாண நகரத்தில் பாவித்த கணினிகள் விற்கும் இடங்களில் ‘ஐ7, 3.4 கிகாஹேர்ட்ஸ்’ என்று எழுதி ஒட்டப்பட்ட பெட்டிகளை இன்றும் காணலாம். அலுவலகங்களில் ஓடிக் களைத்த அந்தக் கணினிகளுக்குள் இருப்பது பெரும்பாலும் 2011ஆம் ஆண்டின் கோர் ஐ7 2600 போன்ற பழைய தலைமுறைப் புரொசசர்தான் (கணினியின் மூளையான சில்லு). ஆனால் தலைமுறையை எந்தச் சிட்டையிலும் எழுதுவதில்லை. பிள்ளைக்கு விளையாட்டுக் கணினி வாங்க வரும் பெற்றோர், அதே கடையில் புதிதாக விற்கப்படும் ஏ.எம்.டி. ரைசன் 5 5600இன் அடிப்படை வேகம் 3.5 கிகாஹேர்ட்ஸ் என்று கேட்டதும், வெறும் 0.1 வித்தியாசத்துக்கு இவ்வளவு விலையா என்று நினைப்பது இயல்பே. உண்மையான வித்தியாசம் அந்த 0.1இல் அடங்கவில்லை என்பதால்தான் இந்தப் புரொசசரைப் பற்றி விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. நடுத்தரச் செலவில் புதிதாக ஒரு விளையாட்டுக் கணினி பொருத்துபவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதையே.

ஒரு கிகாஹேர்ட்ஸ் என்பது வினாடிக்கு 100 கோடி சுழற்சிகள். ஒவ்வொரு சுழற்சியிலும் எவ்வளவு வேலை முடிகிறது என்பதை அந்த எண் சொல்வதில்லை. அதைத் தீர்மானிப்பது கோரின், அதாவது புரொசசருக்குள் தனித்து வேலை செய்யும் கணிப்புப் பகுதியின், உள்வடிவமைப்பு. 5600 கட்டப்பட்ட சென் 3 வடிவமைப்பை 2020 நவம்பரில் வெளியிட்டபோது, முந்தைய சென் 2ஐ விட ஒரே கிளாக் வேகத்தில் சராசரியாக 19 சதவீதம் கூடுதலான வேலை நடக்கும் என்று ஏ.எம்.டி. அறிவித்தது. சென் 2இல் அமைந்த ரைசன் 5 3600இன் உச்ச வேகம் 4.2 கிகாஹேர்ட்ஸ், 5600இன் உச்சம் 4.4, இரண்டிலும் ஆறு கோர்கள். எண்களை மட்டும் பார்த்தால் ஐந்து சதவீதம்கூட இல்லாத முன்னேற்றம், விளையாடும்போது அதைவிடப் பல மடங்காகத் தெரிகிறது. இதற்கு மறுபக்கச் சான்றும் அதே நிறுவனத்திடமே உண்டு: 2013இல் வந்த எஃப்.எக்ஸ். 9590, எட்டு கோர்களும் 5 கிகாஹேர்ட்ஸ் உச்ச வேகமும் கொண்டிருந்தும், 220 வாட் வெப்பத்தைக் கக்கியபடி, அதைவிடக் குறைந்த வேகத்தில் ஓடிய இன்ரெல் புரொசசர்களுக்கு விளையாட்டுகளில் பின்தங்கியது.

கோர்களின் எண்ணிக்கைக்கு வருவோம். வினாடிக்கு 144 முறை படத்தை மாற்றும் 144 ஹேர்ட்ஸ் திரையை முழுமையாகப் பயன்படுத்த வேண்டுமானால் ஒவ்வொரு படமும், அதாவது பிரேமும், 7 மில்லிவினாடிக்குள் தயாராக வேண்டும், 4.4 கிகாஹேர்ட்ஸில் ஓடும் ஒரு கோருக்கு அது ஏறத்தாழ 3 கோடி சுழற்சிகள். அந்த இடைவெளியில் எதிரியின் அசைவு, தோட்டாவின் பாதை, ஒலி, கிராபிக்ஸ் கார்டுக்கு அனுப்ப வேண்டிய கட்டளைகள் யாவும் கணிக்கப்பட வேண்டும். இவற்றுள் சிலவற்றைப் பல கோர்களுக்குப் பகிரலாம். சில, ஒன்று முடிந்த பிறகே மற்றது என்ற ஒழுங்கில் மட்டும் நடக்கும். கூழ் காய்ச்சும் வீட்டில் மீன் வெட்டவும் மரவள்ளி சீவவும் பயற்றங்காய் முறிக்கவும் ஆறு பேர் உதவலாம், ஆனால் ஒடியல் மாவைக் கரைத்துவிட்டுப் பானையைத் துழாவுபவர் ஒருவர்தான். அவர் கை தாமதித்தால் எல்லோரும் காத்திருக்க வேண்டும். விளையாட்டின் முதன்மை த்ரெட் (ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் வேலைகளின் வரிசை) அப்படிப்பட்டது. ஆகவேதான் பதினான்கு கோர்கள் கொண்ட பழைய சேர்வர் புரொசசர் ஒன்றை மலிவாக வாங்கிப் பொருத்தியவர், கவுண்டர் ஸ்ரைக் 2 போன்ற விளையாட்டில் ஆறு கோர் 5600ஐ எட்ட முடியாமல் நிற்கிறார்.

அதற்காகக் கோர்கள் வேண்டியதில்லை என்றாகிவிடாது. 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5இல் எட்டு சென் 2 கோர்கள் இருக்கின்றன. புதிய பெரிய விளையாட்டுகள் அந்த அளவை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. நான்கு கோர் புரொசசரில் அவை ஓடினாலும், சராசரி பிரேம் எண்ணிக்கை நன்றாகத் தோன்றும் நிலையிலேயே இடையிடையே படம் திக்கி நிற்கும். 5600இன் ஆறு கோர்களும் பன்னிரண்டு த்ரெட்களும் இந்தத் திக்கலைப் பெருமளவு நீக்கிவிடுகின்றன. விளையாடிக்கொண்டே நேரலை ஒளிபரப்புபவருக்கும், காணொளி தொகுப்பவருக்கும் எட்டு கோர் 5700எக்ஸ் பொருத்தமானது. மற்றவர்கள் அந்த மேலதிகப் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடட்டும். 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்த பின்னர் இந்தக் கணக்கு எங்களுக்கு இன்னும் கடுமையாகிவிட்டது.

சிட்டையில் இடம்பெறாத மூன்றாவது எண் ஒன்று உண்டு: கேஷ் எனப்படும் பதுக்கு நினைவகம். கணினியின் தற்காலிக நினைவகமான ரேமில் இருந்து ஒரு தரவு வந்து சேரும் வரை கோர் நூற்றுக்கணக்கான சுழற்சிகளை வீணே கழிக்கிறது. அந்தத் தரவு பதுக்கு நினைவகத்திலேயே இருந்தால் காத்திருப்பு சில பத்துச் சுழற்சிகளோடு முடியும். 5600இல் எல்3 எனப்படும் பெரிய பதுக்கு நினைவகம் 32 மெகாபைட் இருக்கிறது, அதனை ஆறு கோர்களும் பொதுவாகப் பயன்படுத்துகின்றன. பெயரில் நெருங்கிய 5500இல் அது 16 மெகாபைட்டாகப் பாதியாகிவிடுகிறது. ‘இரண்டும் ஆறு கோர்தானே’ என்று விற்பனையாளர் சொல்லும் இடத்தில் வாங்குபவர் கவனமாக இருக்க வேண்டும். 5800எக்ஸின் உச்ச வேகம் 4.7 கிகாஹேர்ட்ஸ், 5800எக்ஸ்3டியின் உச்சம் 4.5தான்; ஆயினும் 96 மெகாபைட் எல்3 இருப்பதால் பின்னதே பெரும்பாலான விளையாட்டுகளில் முந்துகிறது.

எங்கள் ஊரின் வெக்கையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 4.4 கிகாஹேர்ட்ஸ் என்பது உறுதியளிக்கப்பட்ட வேகம் அன்று. வெப்பமும் மின்சாரமும் இடங்கொடுக்கும் வரை எட்டக்கூடிய எல்லை. பெட்டியோடு வரும் ரெயித் ஸ்டெல்த் குளிர்விப்பான் சிறியது. சித்திரை, வைகாசி மாத மத்தியானங்களில் குளிரூட்டி இல்லாத அறையில் எல்லாக் கோர்களுக்கும் ஒருசேர வேலை கொடுத்தபோது வெப்பநிலை 80 பாகை செல்சியஸைத் தாண்டியது, விசிறியின் இரைச்சலும் அடுத்த அறை வரை கேட்டது. விளையாட்டில் மட்டும் நிலைமை இவ்வளவு மோசமில்லை, வேகமும் 4.4ஐ ஒட்டியே நின்றது. இருந்தாலும் கோபுர வடிவக் குளிர்விப்பான் ஒன்றைச் சேர்த்து வாங்குவதே இங்கு நல்லது. மின்சாரத்தைப் பொறுத்தவரை, தொழிற்சாலை அமைப்பில் இந்தப் புரொசசர் 76 வாட் அளவோடு தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதால், மின்தடையின்போது சாதாரண வீட்டு யு.பி.எஸ்.ஸில் தாக்குப்பிடிப்பது எளிது.

என் கணினியைப் பொருத்திக் கொடுத்தவர்கள் 3200 வேக ரேமைப் பூட்டிவிட்டு, மதர்போட்டின் அடிப்படை மென்பொருளான பயோஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பை இயக்காமலே தந்திருந்தார்கள். விண்டோஸின் ராஸ்க் மனேஜரில் ரேமின் வேகம் 2133 என்று காட்டியது. ரைசனில் ரேமின் வேகம் குறையும்போது புரொசசரின் உள் இணைப்பின் வேகமும் சேர்ந்தே குறைந்துவிடும் என்பதால், பணம் கொடுத்து வாங்கிய பலன் அப்படியே முடங்கிக் கிடக்கிறது. கடையை விட்டு வெளியேறும் முன்னர் இதனைப் பார்த்துக்கொள்ளுங்கள், 16 ஜி.பி. ரேமை ஒரே துண்டாக வாங்காமல், இரண்டு 8 ஜி.பி. துண்டுகளாகக் கேளுங்கள்.

குறைகள் இரண்டு. 5600க்குள் கிராபிக்ஸ் வசதி இல்லை. தனிக் கார்ட் வாங்கும் வரை திரையில் எதுவும் தெரியாது. 5600 பொருந்தும் ஏ.எம்.4 வகை மதர்போட்டின் காலமும் 2022 செப்டெம்பரில் அடுத்த தலைமுறையான ஏ.எம்.5 வந்ததோடு முடிவுக்கு வரத் தொடங்கிவிட்டது. பல ஆண்டுகள் கழித்துப் புரொசசரை மட்டும் மாற்ற எண்ணுபவர் ஏ.எம்.5க்கே போகலாம். ஆனால் ரைசன் 5 2600ஓ 3600ஓ ஏற்கெனவே வைத்திருப்பவர், தம்முடைய மதர்போட்டுக்கு 5000 வரிசையை ஏற்கும் பயோஸ் வெளிவந்திருக்கிறதா என்று தயாரிப்பாளரின் பட்டியலில் பார்த்து, பழைய புரொசசர் இருக்கும்போதே அதனைப் புதுப்பித்துக்கொண்டால், ரேமையும் மதர்போட்டையும் மாற்றாமலே 5600ஐப் பொருத்திக்கொள்ளலாம்.