ஆறு பதினாலு எண்பத்து நாலு: ஒரு டார்க் ரெஞ்சோடு நாலு வருஷம்

போன வாரம் நண்பன் ஒருத்தன் போன் பண்ணினான். டயர் மாற்றின கடையில் ஏர் கன்னை (காற்றழுத்தத்தில் நட்டு முறுக்கும் கருவி) வைத்து அழுத்தியதில் அவன் காரில் ஒரு வீல் ஸ்டட் (சக்கரத்து நட்டு ஏறும் போல்ட்) அறுந்துவிட்டதாம். "மச்சான், நீ டார்க் ரெஞ்ச் வச்சிருக்கியே, நானும் ஒண்ணு வாங்கிடட்டுமா?" நட்டை முறுக்கும் விசையை, அதாவது டார்க்கை, முதலிலேயே அளவு வைத்துக்கொண்டால் அது வந்ததும் "கிளிக்" என்று சொல்லும் ஸ்பேனர் அது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்ததில் எனக்குக் கோபம்தான் வந்தது.

என்னுடையது அரை இஞ்ச் (சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவு), கிளிக் டைப், 28 முதல் 210 நியூட்டன் மீட்டர் (டார்க்கை அளக்கும் அலகு) வரை. 2021-இல் பிராட்வே பக்கம் வாங்கியது. கம்பெனி பெயர் வேண்டாம், இதே சாமானை ஏழெட்டுப் பெயரில் விற்கிறார்கள்.

நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மனசு வராது. இது வருவதற்கு முன்னால் ஒருநாள் ராத்திரி, கேளம்பாக்கம் தாண்டி பஞ்சர். வீல் ஸ்பேனரை மாட்டி அதன் மேலேயே ஏறி நின்றேன். என் எடை 74 கிலோ. நட் அசையவில்லை. என் வண்டிக்குக் கையேட்டில் போட்டிருப்பது 85 நியூட்டன் மீட்டர். கால் மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 35 கிலோ எடை வைத்தால் அது வந்துவிடும். அப்படியானால் எனக்கு முன்னால் முறுக்கியவன் எவ்வளவு முறுக்கியிருப்பான் என்று பாருங்கள். (கடல்காற்றுத் துருவுக்கும் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.) ரெஞ்ச் வாங்கிய பிறகு போன பொங்கலுக்கு மாமல்லபுரம் போகிற வழியில் மறுபடி பஞ்சர். இந்தத் தடவை, ரெஞ்சால் அளவாக முறுக்கியிருந்த நட்டு நாலையும் சாதா ஸ்பேனரால் என் மனைவியே கழற்றினாள், நான் டார்ச் பிடித்தேன். அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே கொடுத்த காசு செரித்துவிட்டது.

இனி வயிற்றெரிச்சல்.

இந்த ரெஞ்சின் தண்டில் 10, 20, 30 என்றெல்லாம் கோடு கிடையாது. 28, 42, 56, 70, 84, 98. பதினாலாம் வாய்ப்பாடு! கைப்பிடியை ஒரு முழுச் சுற்று சுற்றினால் 14 ஏறும், மீதியைக் கைப்பிடி விளிம்பில் இருக்கும் பொடி எழுத்தில் பார்த்துச் சேர்க்க வேண்டும். 85 வேண்டுமானால் 84-க்குப் போய் ஒன்று கூட்டு. வேளச்சேரியில் எங்கள் அடுக்ககத்தின் பார்க்கிங்கில் எரிவது ஒரே ஒரு பல்பு. கையெல்லாம் எண்ணெய், மூக்குக்கண்ணாடியில் வியர்வை. என் பெண் மாடிப்படியில் உட்கார்ந்து "ஆறு பதினாலு எண்பத்து நாலுப்பா" என்று ஒப்பிப்பாள்.

சிரித்துக்கொண்டு விட்டிருப்பேன், போன வருஷம் ஆயில் மாற்றிய நாள் மட்டும் இல்லாதிருந்தால். டிரெயின் பிளக்குக்கு (பழைய ஆயிலை வடிக்க அடியில் திறக்கும் போல்ட்) 35. அதாவது 28-க்கு மேல் 7. சுற்றிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் லாரிக்காரர் கேட்டுக்கு வந்து ஹாரன் அடித்தார், எழுந்து போய்த் திறந்துவிட்டு வந்தேன். திரும்பி வந்து இன்னொரு சுற்று சுற்றியிருக்கிறேன். விளிம்பில் 7 நேராக நின்றது, திருப்தியாக முறுக்கினேன். எல்லாச் சுற்றிலும்தான் 7 வரும்! ரெஞ்ச் நின்றது 49-இல். மரையில் எண்ணெய் வேறு இருந்தது. எண்ணெய் பட்ட மரையில் உராய்வு குறைவு, அதே டார்க்குக்கு போல்ட் இன்னும் அதிகமாக இழுபடும். கிளிக் வரவேயில்லை. அதற்கு முன்னாலேயே கையில் வெண்ணெய் மாதிரி ஓர் இளக்கம். அலுமினிய சம்ப் (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி), மரை போச்சு.

லேத்துக்குக் கொண்டு போய் ஹெலிகாயில் (போன மரைக்குப் பதிலாக உள்ளே வைக்கும் கம்பிச்சுருள்) போட வைத்தேன். அந்தப் பெரியவர் சம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சும்மா ரிங் ஸ்பேனர்ல கைப்பதமா டைட் பண்ணிருந்தீங்கன்னா ஒண்ணும் ஆயிருக்காது சார்" என்றார். நாலு வருஷத்தில் என்னை யாரும் இவ்வளவு மரியாதையாகத் திட்டியதில்லை.

நியாயமாகப் பார்த்தால் தப்பு என்னுடையதும்தான். முழு அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இந்த வகை ரெஞ்சை நம்பக் கூடாது என்பார்கள். 210-க்கு அது 42. 35-க்கு இதை எடுத்ததே பிசகு. அந்த அளவில் உள்ளே ஸ்பிரிங் அதிகம் அழுந்தியிருக்காது, கிளிக்கும் எலி தும்மியது மாதிரி இருக்கும். கேட்டால்கூட அது வெறும் தகவல்தான், முறுக்குவதை அது நிறுத்தாது. இழுத்துக்கொண்டே இருந்தால் ஏறிக்கொண்டே இருக்கும். நிறையப் பேர் "கிளிக், கிளிக், கிளிக்" என்று மூன்று தடவை அடித்துச் சந்தோஷப்படுகிறார்கள். ஒன்றோடு நிறுத்த வேண்டும், அதுவும் மெதுவாக இழுத்து.

சந்தேகம் தீர அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேபில் கொடுத்துச் சோதித்தேன். டார்க் ரெஞ்சுக்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 6789 அனுமதிக்கும் 4 சதவீதப் பிழைக்குள்தான் இருந்தது. அதுதான் இன்னும் கடுப்பு. கருவி சரியாக இருக்கிறது, அதைப் படிக்கத்தான் கணக்கு வாத்தியார் வேண்டும். வருஷம் ஒரு தடவை அல்லது 5,000 கிளிக்குக்கு ஒரு தடவை சோதிக்கச் சொல்கிறார்கள். என் வண்டியில் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து 16 நட், அந்த 5,000-ஐத் தொட 300 தடவைக்கு மேல் சக்கரம் கழற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்ததும் 28-க்கு இறக்கித்தான் பெட்டியில் வைக்கிறேன், அதற்கும் கீழே இறக்குவதில்லை. நட்டைக் கழற்ற இதை எடுத்ததே இல்லை. இப்போது 84 கோட்டில் பெண்ணின் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு இருக்கிறது.

நண்பனுக்கு நேற்று ராத்திரி பதில் அனுப்பிவிட்டேன்: வாங்காதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை இங்கே கொண்டு வா, 85-இல் வைத்து நானே முறுக்கித் தருகிறேன். ரெஞ்சை மட்டும் கடன் கேட்காதே.