ஸ்டீம் கார்: மினுக்கி ஓடவிடுவதா, கறளோடு வைப்பதா?

நெடுங்கேணியில் அப்பப்பாவின் கொட்டிலுக்குக் கூரை மாற்றப் போனபோதுதான் அந்தப் பழைய ஸ்டீம் கார், நீராவியில் ஓடுவது, வெளிப்பட்டது. சைக்கிள் குழாய் போன்ற சட்டம், கம்பிச் சில்லுகள், பின் அச்சுக்குப் போகும் செயின், இருக்கைக்குக் கீழே நிமிர்ந்து நிற்கும் இரண்டு சிலிண்டர், பக்கத்தில் தண்ணீரை ஆவியாக்கும் பொயிலர், பீப்பாய் போல. பெயர்ப்பலகை இல்லை. இத்தனை இடப்பெயர்வுக்குப் பிறகும் பழைய இரும்புக்காரர் கண்ணில் படாதது அதிசயம்தான்.

இரண்டு வழி சொன்னார்கள். மணல் அடித்துக் கறளை உரித்து, பெயின்ற் பூசி, ஓடவைப்பது ஒன்று. இருந்தபடியே கறள் கூடாமல் காப்பது மற்றது. நான் இரண்டாவதை எடுத்தவன், அதனால் நடுநிலை எதிர்பார்க்காதீர்கள்.

ஓடவைப்பதன் கவர்ச்சியை விளக்கத் தேவையில்லை. அரிசி ஆலையில் உமிப் பொயிலர் பார்க்கிற அண்ணை, "தம்பி, ஒரு மாதத்தில ஆவி காட்டுறன்" என்றார். கைகாரர்தான். ஆனால் அந்தப் பொயிலரைச் சுற்றியிருந்த கம்பியை நகத்தால் சுரண்டியதும் பேசாமல் நின்றார். இந்த வகைப் பொயிலரின் மெல்லிய ஓடு, அதன்மேல் இறுக்கிச் சுற்றிய பியானோக் கம்பியின் பலத்தில்தான் அழுத்தத்தைத் தாங்கும். கம்பியோ தூளாகக் கையில் வந்தது. ஓடவேண்டுமென்றால் புதுப் பொயிலர்தான்.

சரி, காசு சேர்த்துச் செய்யலாம். என்னைத் தடுத்தது வேறு: இது யார் செய்த வண்டி என்றே இன்னும் முடிவாகவில்லை. 1899இல் அமெரிக்காவில் ஸ்டீம் கார் செய்த ஸ்டான்லி சகோதரர்கள் தங்கள் காரின் உரிமையை விற்றார்கள். வாங்கிய இருவரும் சீக்கிரமே பிரிந்து, ஒருவர் லோகோமொபைல் என்றும் மற்றவர் மொபைல் என்றும் ஏறக்குறைய ஒரே வண்டியைச் செய்தார்கள். பார்த்துச் செய்தவர்களும் இருந்தார்கள். வைற் என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனத்தின் ஆரம்பகாலக் கார் என்றால் பொயிலருக்குள் சுருள் குழாய் இருக்கும். இதில் நேரான சின்னச் செப்புக் குழாய்கள். பிந்திய ஸ்டான்லி என்றால் செயினே இராது, எஞ்சின் படுத்தபடி பின் அச்சோடு பல்லுச்சில்லால் சேரும். ஆக மிஞ்சுவது இரட்டைப் பிள்ளைகள். மச்சம் தேடித்தான் பிரிக்கவேண்டும்.

அந்த மச்சங்கள் பித்தளையில் குத்திய இலக்கம், போல்ட் தலைகளின் அளவு, மரப்பலகையின் அடியில் மிஞ்சிய பெயின்ற் அடுக்கு. மணல் அடித்தால் முதலில் போவது இவைதான். மண்ணெண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் ஒரு பின்னேரம் முழுக்க ஒத்தி எடுத்தேன். வால்வுப் பெட்டியின் ஓரத்தில் 3 போல ஒரு வளைவு தெரிந்தது. மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்க்க, பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோடும் பதிந்தது. கம்பித் தூரிகை போட்டிருந்தால் இரண்டும் போயிருக்கும்.

விற்பதென்றாலும் இதே கணக்குத்தான். இங்கிலாந்தில் பழைய கார்களுக்காக நடக்கும் லண்டன்–பிரைட்டன் ஓட்டத்துக்கு 1905க்கு முன் செய்த வண்டிகளைத்தான் எடுப்பார்கள். வயதைக் காட்ட இந்த அடையாளங்கள் வேண்டும். பெயின்ற் எப்போதும் அடிக்கலாம், அழிந்த இலக்கத்தை மீட்கமுடியாது.

வைத்திருப்பதும் சும்மா இல்லை. அச்சைக் கல்லில் ஏற்றி, இரும்புக்கு மெல்லிசாக ஒயில் பூசி, மாதம் ஒருமுறை கறையான் பார்க்கிறேன். படங்கால் இறுகப் போர்த்தாதீர்கள், உள்ளே வேர்க்கும். மரத்துக்கு மட்டும் இன்னும் ஒன்றும் பூசவில்லை. ஒரு மாரிதான் கண்டிருக்கிறேன். அடுத்த மாரி முடிந்து கேட்டால் வேறு கதை சொல்லவும் கூடும்.