"மோட்டார் இல்லாமலே ஓடும்" சொட்டுநீர் காம்போ: பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்

மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுக்களில் கொஞ்ச நாளாக ஒரு விளம்பரம் சுற்றுகிறது. 40 தொட்டிக்கான சொட்டுநீர் கிட், பேட்டரி டைமர், கவாத்துக் கத்தரி எல்லாம் சேர்த்து 2,499 ரூபாய், மோட்டார் வேண்டாம், மாடி டேங்க் தண்ணீரே போதும் என்று. நான் வாங்கினேன். நீங்கள் வாங்காதீர்கள்.

தண்ணீர் இறங்கும் 1 மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அழுத்தம்தான் கிடைக்கும். எங்கள் டேங்க் தொட்டிகளைவிட ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆக 0.15 பார். தண்ணீர் சொட்டும் முனையான டிரிப்பரில் மணிக்கு 4 லிட்டர் என்று போட்டிருக்கிறான், அது 1 பார் அழுத்தத்தில், அதாவது 10 மீட்டர் மேலேயிருந்து தண்ணீர் இறங்கினால் வரும் கணக்கு. எங்கள் மாடியில் ஒன்றரை லிட்டர் வந்தாலே பெரிய விஷயம், கடைசித் தொட்டிகளுக்கு அதுவும் போய்ச் சேரவில்லை. டேங்க் பக்கத்துத் தக்காளி சேற்றில் நிற்க, கைப்பிடிச்சுவர் ஓரத்து வெண்டை வாடிப்போனது.

டைமர் அதைவிட மோசம். உள்ளே இருப்பது மின்காந்தத்தால் இயங்கும் சோலனாய்டு வால்வு, திறப்பதற்கும் இறுக மூடுவதற்கும் அதற்குத் தண்ணீரின் அழுத்தமே வேண்டும், அது இல்லாததால் ராத்திரி முழுக்கக் கசிந்து காலையில் டேங்க் காலி. (வீட்டில் வாங்கிய திட்டு தனிக்கதை.) டேங்க் தண்ணீருக்கு பால் வால்வு (துளையிட்ட உருண்டை திரும்பித் திறந்து மூடும் வால்வு) டைமர்தான் சரி, அதில் குட்டி மோட்டாரே வால்வைத் திருப்பி மூடிவிடும், அழுத்தத்தை நம்பி இல்லை.

விற்றவருக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைக்காதீர்கள். போன் செய்ததும், "சார், உங்க டேங்க் உயரம் பத்தாது, பூஸ்டர் பம்ப் போடுங்க, நாங்களே 3,200க்குத் தர்றோம்" என்று மனப்பாடமாக ஒப்பித்தார். மோட்டார் வேண்டாம் என்றுதானே விளம்பரம் என்று கேட்டால் பதில் இல்லை. சரி, திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், பைப்பை வெட்டிவிட்டீர்களே, வெட்டினால் ரிட்டர்ன் கிடையாதாம். வெட்டாமல் அதை எப்படி மாட்டிப் பார்ப்பது?

கிளை வெட்டும் அந்தக் கவாத்துக் கத்தரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜப்பான் ஸ்டீல் என்றார்கள், பென்சில் தடிமன் செம்பருத்திக் கிளையிலேயே வாய் விலகிவிட்டது. கழற்றித் தீட்டலாம் என்றால் திருகுக்குப் பதில் ரிவெட் அடித்திருக்கிறது. ஊர்க் கொல்லர் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்துக் கொடுத்த என் களைக்கொத்து இன்னும் கூர் மழுங்காமல் இருக்கிறது, அதற்கு யாரும் விளம்பரம் போடவில்லை.

சொட்டுநீர் வாங்கியே ஆகவேண்டும் என்றால் பைப்பின் மேல் ஐ.எஸ். 12786 என்ற பாசனப் பைப்புக்கான தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அச்சாகியிருக்கிறதா என்று போட்டோ கேளுங்கள். எனக்கு வந்ததில் ஒரு எழுத்துகூட இல்லை, கையில் கறுப்பு ஒட்டியது, சித்திரை வெயிலில் இணைப்புகள் எல்லாம் வெடித்தன. போர்வெல் தண்ணீர் என்றால் ஃபில்டரும் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் மணலும் தூசும் புகுந்து டிரிப்பர் அடைத்துக்கொள்ளும், இந்தக் கிட்டில் அதுவும் கிடையாது. அப்புறம், டைமருக்குக் குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், பேசிய சாட் மூன்றையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள், நானும் கொடுத்திருக்கிறேன். நேற்று இன்னொரு குழுவில் அதே போட்டோ, வேறு கடைப் பெயரில், 1,999 ரூபாய்க்கு வந்திருக்கிறது.