மண்ணின் மகளா, ஜியுஸின் மகளா: வொண்டர் வுமனுக்கு இரண்டு பிறப்புக் கதைகள்

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பாண்டி பீச் ரோட்டில் வண்டி ஓடாது. காந்தி சிலையைத் தாண்டிக் கருங்கற்களைப் பார்த்த சுவரில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்தால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் காமிக்ஸில்தான் வந்து நிற்கும். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி வரும் அண்ணன், லாஸ்பேட்டையில் தங்கிப் படிக்கும் தங்கச்சி, வில்லியனூர் நண்பர், அப்புறம் நான். சில வாரங்களாக ஒரே வழக்கு. அமெரிக்க காமிக்ஸ் நாயகி வொண்டர் வுமன், அதாவது டயானா, எப்படிப் பிறந்தாள்? அம்மா களிமண்ணில் பிடித்த குழந்தையா, கிரேக்கக் கடவுள் ஜியுஸுக்குப் பிறந்த மகளா?

ஒரு நாயகி யாருடைய பிள்ளை என்பதை மாற்றினால், அவள் அடுத்துச் செய்யும் ஒவ்வொரு காரியத்துக்கும் பொருள் மாறிவிடுகிறது. அதனால்தான் இத்தனை சூடு. என் கட்சி மண். அதை முதலிலேயே சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

மண் கதை பழையது. வொண்டர் வுமன் 1941 இறுதியில் அறிமுகமானாள். உருவாக்கியவர் வில்லியம் மோல்ட்டன் மார்ஸ்டன். உளவியலாளர், ரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு வழி போட்டவர். டயானாவின் கயிறு கட்டுண்டவரை உண்மை பேச வைப்பதை இதோடு சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியாது. படம் வரைந்தவர் எச். ஜி. பீட்டர். 1942-ல் அவளுக்கென்று தனி இதழ் வந்தபோது பிறப்புக் கதையும் வந்தது. ராணி ஹிப்பாலிட்டா மண்ணில் ஒரு பெண் குழந்தையைச் செய்கிறாள்; அஃப்ரோடைட்டி தேவி உயிர் கொடுக்கிறாள். அவ்வளவுதான், சில கட்டங்களில் முடிந்துவிடும். ஆண்களே இல்லாத தீவுக்கு ஒரு குழந்தை வர வேண்டும், வந்துவிட்டது.

எங்கள் வழக்கு அந்த 1942 கதையைப் பற்றியது அல்ல. அதை எடுத்துத் திரும்பச் சொன்ன இரண்டு பேரைப் பற்றியது. ஒருவர் ஜார்ஜ் பெரெஸ், 1987. இன்னொருவர் பிரையன் அசரெல்லோ, 2011. அவருக்கு ஓவியர் கிளிஃப் சியாங். இரண்டுமே அவளை வெளியிடும் டிசி காமிக்ஸ் நிறுவனம் தன் கதையுலகத்தை மொத்தமாகக் கலைத்துப் புதிதாக அடுக்கிய நேரத்தில் வந்தவை. அதனால் இரண்டு பேருக்கும் வெறும் பலகைதான் கையில் கிடைத்தது.

பெரெஸ் என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அவருடைய முதல் இதழ் டயானாவில் தொடங்குவதில்லை. கற்காலத்துக் குகை ஒன்றில், கர்ப்பிணிப் பெண் ஒருத்தி அவளுடைய ஆணின் கையால் அடிபட்டுச் சாகிறாள். அங்கே தொடங்குகிறது. அவளைப் போல ஆண்களின் வன்முறையில் செத்த பெண்களின் ஆன்மாக்களை பூமித்தாய் கையா தன் கருப்பைக்குள் காத்து வைத்திருக்கிறாள். ஐந்து தேவியர் அந்த ஆன்மாக்களுக்கு மறுபிறப்புத் தருகிறார்கள். அவர்கள்தான் அமேசான் பெண்கள். பிறகு கிரேக்க வீரன் ஹெரக்ளிஸ் வஞ்சகமாக அவர்களை அடிமைப்படுத்துகிறான். மீண்டு வந்தபின், பட்ட விலங்கை மறக்கக் கூடாது என்று கையில் காப்பு போட்டுக்கொள்கிறார்கள். டயானா குண்டுகளைத் தட்டிவிடும் அந்தக் காப்பு இந்த வழியாக வருகிறது.

தீவுக்குப் போன பிறகு, காலம் காலமாக, ராணிக்கு மட்டும் மனசுக்குள் ஏதோ ஒரு குறை. மற்றவர்களுக்கு இல்லாத ஏக்கம். குறி சொல்பவள் விளக்குகிறாள்: முன்பிறவியில் வயிற்றில் குழந்தையோடு செத்தவள் நீ ஒருத்திதான். ஹிப்பாலிட்டா விடியற்காலையில் கடற்கரைக்குப் போய் ஈர மண்ணைப் பிசைந்து குழந்தை வடிக்கிறாள். பிறக்காமலே போன அந்த உயிர் அதற்குள் வந்து சேருகிறது. ஐந்து தேவியரும் தூதுக்கடவுள் ஹெர்மீஸும் ஆளுக்கொரு வரம் தருகிறார்கள்.

கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துத்தான் எனக்கு மகள் பிறந்தாள். நடுவில் ஒன்று தங்காமல் போனது. ஹிப்பாலிட்டா மண்ணைக் கையில் அள்ளும் பக்கத்தை முதன்முறை படித்தபோது என்னால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. அதனால் நான் நடுநிலையான ஆள் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனாலும் அந்தப் பக்கத்தை என் சொந்தக் கதையை விலக்கிவிட்டுப் பார்த்தாலும் ஒன்று நிற்கிறது: டயானா தற்செயலாக வந்தவள் இல்லை. ஒருத்தி கேட்டுக் கேட்டு, கையால் செய்து, பெற்ற குழந்தை. அந்தத் தீவில் அவளைத் தவிர வேறு குழந்தையே கிடையாது. ஊர் மொத்தத்துக்கும் ஒரே மகள். அப்படி வளர்ந்தவள் வெளியுலகத்துக்கு வந்து எல்லோரையும் அன்போடு பார்க்கிறாள் என்றால், அதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சரி, இப்போது 2011. அசரெல்லோவின் கதையில் இந்த மண் விஷயமே ஒரு பொய். ஹிப்பாலிட்டாவும் ஜியுஸும் மோதினார்கள், பிறகு காதலித்தார்கள், டயானா பிறந்தாள். ஜியுஸின் மனைவி ஹீராவின் கோபத்திலிருந்து பிள்ளையைக் காப்பாற்ற, மண்ணில் செய்தேன் என்று தாய் ஊருக்கெல்லாம் சொல்லி வைத்தாள். கூட வளர்ந்த பெண்களில் சிலர் டயானாவை ‘மண்ணு’ என்று கேலி பேசுகிறார்கள். உண்மை தெரிந்ததும் அவள் தாயோடு முறித்துக்கொண்டு தீவை விட்டுக் கிளம்புகிறாள். திரும்பி வரும்போது ஹீராவின் சாபத்தால் தாய் சிலையாகி நிற்கிறாள்.

லாஸ்பேட்டைத் தங்கச்சி இந்தக் கதையின் ஆள். 2017-ல் வந்த படத்திலும் ஜியுஸ்தான் அப்பா. அவள் முதலில் படம் பார்த்து, அப்புறம் புத்தகத்துக்கு வந்தவள். “அக்கா, பொய் சொல்லி வளர்த்த அம்மாவை எப்படி மன்னிக்கிறதுன்னு ஒரு கேள்வி இருக்கு இல்ல? உங்க மண் கதைல அம்மாவுக்கும் மகளுக்கும் சண்டையே இல்லையே” என்றாள். இதில் நியாயம் இருக்கிறது. பெரெஸின் கதையில், வெளியுலகத்துக்கு யாரை அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கும் போட்டிக்குப் போகாதே என்று தாய் தடுக்கிறாள், மகள் முகமூடி போட்டுக்கொண்டு போய் ஜெயிக்கிறாள். பிணக்கு அந்த அளவில்தான். அசரெல்லோவிடம் உறவு உடைகிறது, உடைந்த சத்தம் கேட்கிறது.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். அசரெல்லோவின் டயானா ஜோலா என்ற பெண்ணைக் காப்பாற்ற ஓடுகிறாள். ஜோலாவின் வயிற்றில் வளர்வது ஜியுஸின் குழந்தை. ஹீரா அதைக் கொல்லத் துடிக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு நடப்பது தனக்கும் நடந்திருக்கும் என்று நடுவழியில்தான் டயானாவுக்குத் தெரிகிறது. கட்டுமானம் என்று பார்த்தால் இது அழகு. சியாங்கின் கடவுள்களும் மறக்கக் கூடியவர்கள் இல்லை. பாதாளக் கடவுள் ஹேடஸின் தலையில் மெழுகுவர்த்திகள் எரிந்து உருகிக்கொண்டிருக்கும். அதை ஒரு முறை பார்த்தால் போதும்.

பிறகு எங்கே எனக்கு ஒட்டவில்லை? ஏழாவது இதழில். அதில் அமேசான் பெண்கள் கடலில் கப்பல்களைப் பிடித்து, மாலுமிகளோடு கூடி, அவர்களைக் கொன்று கடலில் எறிகிறார்கள். பிறக்கும் பெண் குழந்தைகளை வைத்துக்கொள்கிறார்கள். ஆண் குழந்தைகளை ஆயுதங்களுக்கு மாற்றாகக் கொல்லர் கடவுள் ஹெஃபேஸ்டஸிடம் கொடுத்துவிடுகிறார்கள். அப்பா ஒருவரைக் கொண்டுவந்ததோடு கதை நிற்கவில்லை. வளர்த்த ஊரையே கொலைகார ஊராக்கிவிட்டது. டயானாவின் நல்ல குணம் பிறகு எங்கிருந்து வந்தது? ஊரிலிருந்து வரவில்லை, தாயும் பொய் சொன்னவள். மிச்சம் இருப்பது ரத்தம். 2017-ல் ஜேசன் என்று ஒரு இரட்டைச் சகோதரனும் வந்து சேர்ந்தான். பெண்கள் மட்டுமே இருந்த வீட்டுக்குள் ஒவ்வொருவராக ஆண்கள் வந்து திண்ணையில் உட்கார்ந்த மாதிரி எனக்குப் பட்டது.

மஞ்சக்குப்பத்து அண்ணன் இங்கேதான் என்னை மடக்கினார். அவர் திரௌபதி அம்மன் தீமிதி பார்த்து வளர்ந்தவர். “துருபதன் மகள்ங்கிறதாலதான் அவ திரௌபதி. பேர்லயே அப்பா இருக்கார். அதுக்காக அவ மகிமை அப்பாவுக்குப் போயிடுச்சா? தீ மிதிக்கிறவன் யாரும் துருபதனை நினைக்கிறதில்லம்மா” என்றார். ஒரு நிமிஷம் என்னிடம் பதில் இல்லை. கடலூர்ப் பக்கம் ஊருக்கு ஊர் அவளுக்குக் கோயில் உண்டு. துருபதனுக்கு எங்கே இருக்கிறது? அப்பா பெரிய ஆளாக இருந்தாலும் மகள் அவரைத் தாண்டிப் போகலாம் என்பதற்கு அவளைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

பதிலைக் கொடுத்தவர் வில்லியனூர் நண்பர். சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்க்காரர், மண் பேச்சு வந்தால் அவர் சும்மா இருக்க மாட்டார். “அண்ணே, திரௌபதி தீயில வந்தவ. துருபதன் யாகம் பண்ணினார், கேட்டார், ரத்தம் கொடுக்கலையே” என்றார். அப்புறம் அவரே பிள்ளையாரை இழுத்துவந்தார். பார்வதி மஞ்சளைப் பிடித்துப் பிள்ளை செய்தாள், காவலுக்கு வைத்தாள். சிவன் வந்தபோது யார் என்றே தெரியவில்லை. நமக்கு இந்தக் கதை பால்குடி காலத்திலிருந்து தெரியும். தாய் தனியாகக் கையால் பிடித்த பிள்ளை என்றால் நம்மில் யாரும் புருவத்தைத் தூக்குவதில்லை. மணக்குள விநாயகர் கோயில் நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நடந்து போகும் தூரம்தான். மண்ணில் பிறந்தவள் என்பது நம்பும்படி இல்லை, அதனால்தான் ஜியுஸைக் கொண்டுவந்தார்கள் என்று சொல்பவர்களுக்கு இதுதான் என் பதில். நம்பும்படி இல்லை என்பது அந்த ஊர்க் கணக்கு. அல்லி ராஜ்ஜியத்தையும் மஞ்சள் பிள்ளையாரையும் கேட்டு வளர்ந்த காதுக்குப் பெரெஸ் சொல்வது பக்கத்து வீட்டுக் கதை.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. 2016-ல் கிரெக் ரக்காவும் ஓவியர் நிக்கோலா ஸ்காட்டும் டயானாவின் முதல் வருஷத்தைத் திரும்பச் சொன்னார்கள். அதில் அப்பா பேச்சையே பெரிதாக எடுக்கவில்லை. அவள் வெளியுலகத்துக்கு வருகிறாள், யார் பேசுவதும் புரியவில்லை, சிறையில் அடைக்கிறார்கள், தெய்வங்கள் விலங்கு உருவில் வந்து வரம் தந்துவிட்டுப் போகின்றன. மொழி தெரியாத அந்தத் தவிப்புதான் அதில் எனக்குப் பிடித்தது. பிரெஞ்சும் தமிழும் தெலுங்கும் மலையாளமும் கலந்து கிடக்கும் யூனியன் பிரதேசத்தில் இருப்பவர்களுக்கு அது சட்டென்று பிடிபடும். ஆனால் வழக்கைத் தீர்க்காமல் தள்ளி வைத்த கதை அது. தீர்ப்பு கேட்டு வந்தவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை.

அப்பா அம்மா தெரியாமலே ஒரு நாயகி நிற்க முடியாதா என்றால், தமிழ் காமிக்ஸ் வாசகர்களுக்கு மாடஸ்டி என்ற நாயகி இருக்கிறாள். லயன் காமிக்ஸ் 1984-ல் தன் முதல் இதழையே அவளுக்குக் கொடுத்தது. போரில் அகதியாகத் தனியே அலைந்த சிறுமி. யார் பெற்றது என்று அவளுக்கே தெரியாது. யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. இதைச் சொன்னபோது தங்கச்சி, “அப்போ மண்ணும் எதுக்கு அக்கா?” என்றாள். மாடஸ்டி தன்னைத் தானே வளர்த்துக்கொண்டவள், அதனால் அவளுக்குத் தேவையில்லை. டயானா வளர்க்கப்பட்டவள். யார் வளர்த்தார்கள், எதற்காக என்று சொல்லாவிட்டால் அவள் பலசாலி ஒருத்தி, அவ்வளவுதான்.

புதிதாகப் படிக்க வருபவர் எதில் தொடங்குவது? பெரெஸின் முதல் ஏழு இதழ்களில் தொடங்குங்கள். போர்க்கடவுள் ஏரிஸ் உலகத்தை அணு ஆயுதப் போருக்குத் தள்ளப் பார்க்கிறான். டயானா அவனை அடித்து வீழ்த்தவில்லை. கயிற்றால் கட்டி, எல்லோரும் செத்தபின் உன்னைக் கும்பிட யார் இருப்பார் என்ற உண்மையைக் காட்டுகிறாள். எழுத்து கொஞ்சம் அதிகம், ஒரு பக்கத்தில் கட்டங்கள் நெருக்கும், பொறுமை வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் அசரெல்லோ, சியாங்கின் முதல் ஆறு இதழ்களைப் படிக்கலாம், காற்றாய்ப் பறக்கும். ஏழாவதைத் திறக்கும்போது நான் சொன்னது நினைவிருக்கட்டும். தங்கச்சி இந்த வரிசையை ஏற்கவில்லை, ஏற்கவும் மாட்டாள். அண்ணன் பெரெஸை இரண்டாம் முறை படிக்க எடுத்துப் போயிருக்கிறார்.

எட்டு வயது மகளுக்கு இரண்டையும் கொடுக்க முடியாது. பெரெஸின் முதல் பக்கமே கொலை. அதனால் போன ஞாயிற்றுக்கிழமை வீராம்பட்டினம் கடற்கரையில் உட்காரவைத்து வாயால் சொன்னேன். ராணி, ஏக்கம், ஈர மண், விடியற்காலை. கேட்டுக்கொண்டே அவளும் மணலைக் கூட்டிக் கை கால் வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா யார் என்று கேட்பாள் என்று பதிலோடு காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

“அலை வந்தா பாப்பா கரைஞ்சிடாதாம்மா?”

“அவங்க அம்மா அலைக்கும் பாப்பாவுக்கும் நடுவுல உக்காந்திருந்தாங்க” என்றேன். அவள் எழுந்து கடல் பக்கமாக வந்து உட்கார்ந்துகொண்டாள்.