வன்னி வெக்கையில் பச்சைச் சாயங்கள்: எஃப்ஐடிசியும் 488 வகையும்

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஆய்வுகூடத்தில் புரதத்துக்கு எஃப்ஐடிசி, அலெக்ஸா புளோர் 488 போன்ற பச்சையாக ஒளிரும் சாயம் ஏற்றுகிறவர்களுக்கு முதல் புத்திமதி: பெரிய குப்பி வாங்க வேண்டாம். 5 மில்லிகிராம் குப்பி கணக்குப் பார்த்தால் மலிவுதான். ஆனால் குளிரூட்டியிலிருந்து எடுத்த கையோடு மூடியைத் திறந்தால், வாடைக் காலத்து ஈரம் தூளின் மேல் நேரே படியும். 488 சாயத்தைப் புரதத்தின் அமைன்களோடு பிணைக்கும் என்எச்எஸ் எசுத்தர் பகுதி தண்ணீரோடு வினைபட்டுவிட்டால் பிறகு புரதத்தில் ஒட்டாது. கண்ணுக்கு வித்தியாசம் எதுவும் தெரியாது, செத்த சாயமும் அதே பச்சையாகவே ஒளிரும். 1 மில்லிகிராம் குப்பியாக வாங்கி, நீல சிலிக்கா ஜெல் போட்ட இறுகிய டப்பாவில் வைத்து, அறை வெப்பத்துக்கு வந்தபின் திறக்க வேண்டும். குப்பியின் வெளிப்புறம் வியர்ப்பது நிற்கும் வரை மூடியில் கை வைக்கக்கூடாது. ஜெல் இளஞ்சிவப்பானால் சூடாக்கி உலர்த்திக்கொள்ளலாம்.

எஃப்ஐடிசி விலை குறைவு. மாணவர் பயிற்சிக்கும் அன்றன்றைக்குப் பார்த்து முடிக்கிற வேலைக்கும் அது தாராளம். அதன் குறை இரண்டு: ஒளிபட்டால் விரைவில் மங்கும், பீஎச் இறங்கினால் ஒளிர்வு விழும். அதன் அடிப்படையான புளோரெசீனின் பீகேஏ (பாதி மூலக்கூறுகள் புரோத்தனை இழக்கும் பீஎச்) ஏறத்தாழ 6.4 என்பதால், பீஎச் 7-க்குக் கீழே போகப் போகச் சரிவு கண்ணுக்கே தெரியும். அலெக்ஸா புளோர் 488 பீஎச் 4 முதல் 10 வரை அசையாது, மங்குவதும் மெதுவாகத்தான். இரண்டும் 495 நானோமீற்றரை ஒட்டி ஒளியை உறிஞ்சி 519-ஐ ஒட்டி வெளிவிடுவதால் நுணுக்குக்காட்டியின் வடிகட்டியை மாற்றத் தேவையில்லை. படம் எடுத்து வைக்கவேண்டிய வேலை என்றால் 488-க்குக் காசு கொடுப்பதே சரி.

ஏற்றும் முறை இது. 1 மில்லிகிராம் பிறபொருளெதிரி, 0.5 மில்லிலீற்றரில். அது டிரிஸ், கிளைசின் உள்ள பஃபரில் (பீஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்) வந்திருந்தால் முதலில் மாற்ற வேண்டும், அவற்றின் அமைன்களே சாயத்தைத் தின்றுவிடும். பிஎஸ்ஏ (நிலைப்படுத்தச் சேர்க்கும் மாட்டுப் புரதம்) கலந்த குப்பியை வாங்கினால் சாயத்தின் பெரும்பங்கு பிஎஸ்ஏக்குத்தான் போகும். ஏற்றுவதற்கான பஃபர் இது: 100 மில்லிலீற்றர் வடிநீரில் 0.84 கிராம் சோடியம் பைகாபனேற்று கரைத்தால் 0.1 மூலர், பீஎச் 8.3-ஐ ஒட்டி நிற்கும். அன்றன்று கரைக்க வேண்டும், திறந்து கிடந்தால் காபனீரொட்சைட்டு வெளியேறி பீஎச் ஏறிக்கொண்டே போகும். கேத்திலில் வெள்ளை படிகிற ஊர்களில் கிணற்றுநீரை இதற்குத் தொடவே கூடாது, கல்சியம் கலங்கிவிடும்.

சாயத்தை நீரற்ற டீஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் எனக் கரைத்து உடனே பயன்படுத்துங்கள். 488 எசுத்தருக்குப் பத்து மடங்கு மூல் அளவு என்றால் 4.3 மைக்ரோலீற்றர். எஃப்ஐடிசிக்கு பீஎச் 9 வேண்டும், 5 மைக்ரோலீற்றர் போதும். கலக்கிக்கொண்டே மெதுவாகச் சேர்த்து, இருட்டில் ஒரு மணி நேரம். 32 பாகை அறையில் எசுத்தர் நீரோடும் வேகமாகவே வினைபடும், அதற்கு மேல் வைத்திருந்து ஆதாயமில்லை.

ஒட்டாத சாயத்தைப் பிரித்தெடுக்க ஜி-25 செபடெக்ஸ் (பெரிய மூலக்கூறை முன்னே விடும் ஜெல் மணிகள்) நிரல் போதும், புவியீர்ப்பிலேயே ஓடும். மின்வெட்டு வந்தாலும் வேலை நிற்காது. முதலில் இறங்கும் பச்சைப் பட்டை சாயமேறிய புரதம், பின்னால் தயங்கி வருவது வெறும் சாயம். இரண்டுக்கும் நடுவே தெளிவான இடைவெளி தெரியவில்லையென்றால் ஜெல் படுக்கை குட்டையாக இருக்கிறது. 0.5 மில்லிலீற்றர் மாதிரிக்கு 5 மில்லிலீற்றர் படுக்கையாவது வேண்டும்.

ஏறிய அளவைக் கணக்கிடாமல் விடாதீர்கள். புரதம் உறிஞ்சும் 280 நானோமீற்றரில் உறிஞ்சல் 0.70, சாயம் உறிஞ்சும் 494-இல் 0.95 என்று வைப்போம். சாயமும் 280-இல் உறிஞ்சுவதால் 0.95-இன் 0.11 மடங்கைக் கழித்தால் 0.5955. அதைப் பிறபொருளெதிரியின் மூலர் உறிஞ்சற் குணகமான 210,000-ஆல் வகுத்தால் புரதம் 2.84 மைக்ரோமூலர். 0.95-ஐ 488 சாயத்தின் குணகமான 71,000-ஆல் வகுத்தால் சாயம் 13.4. ஒரு மூலக்கூறுக்கு 4.7 சாயம், நல்ல எண். எஃப்ஐடிசி என்றால் 0.11-க்குப் பதில் 0.30, 71,000-க்குப் பதில் சுமார் 68,000 போட வேண்டும். எட்டுக்கு மேலே போனால் கூடுதல் வெளிச்சம் வராது, சாயங்கள் ஒன்றையொன்று அணைக்கும், புரதமும் வீழ்படியத் தொடங்கும். கூட ஏற்றினால் கூட ஒளிரும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

காலபோகத்தில் எரிபந்தம் பிடித்த நெல் இலையில் பூஞ்சண இழையைப் பார்க்க, பூஞ்சணச் சுவரிலுள்ள கைற்றினில் ஒட்டும் கோதுமைப் புரதமான லெக்டினை 488 சாயத்தோடு பயன்படுத்துவது மிக வசதி. இலைத் துண்டை 1 மூலர் பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் சூடாக்கித் தெளியவைத்து, நீரிலும் பீஎச் 7.4 பஃபரிலும் நன்றாக அலசி, மில்லிலீற்றருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் லெக்டினில் அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும். காரம் மிச்சமிருந்தால் லெக்டின் சரியாக ஒட்டாது. சாயமே இடாத இலைத் துண்டொன்றையும் கட்டாயம் பக்கத்தில் பாருங்கள். நோய்பட்டுச் செத்த கலங்களில் திரளும் பீனோல் சேர்மங்கள் தாமாகவே மஞ்சட்பச்சையாக ஒளிர்ந்து ஏமாற்றும். சோளகக் காற்றுக் காலத்தில் கண்ணாடித் தட்டில் விழும் தூசியும் காகித நாரும் அதே வேலையைச் செய்யும்.

எஃப்ஐடிசி தட்டுகளுக்கு 90 சதவீத கிளிசரோல், மிகுதி பீஎச் 8.5 பிபிஎஸ் (பொசுபேற்று உப்புக் கரைசல்), அதில் 2.5 சதவீதம் டாப்கோ என்ற மங்கல் தடுப்புப் பொருள் கலந்து மூடினால் மங்குவது வெகுவாகக் குறையும்.

ஜெல்லில் டீஎன்ஏ பார்க்கும் சைபர் சேஃப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: 50 மில்லிலீற்றர் அகரோசுக்கு 5 மைக்ரோலீற்றர், நீல எல்இடி விளக்கு, செம்மஞ்சள் கண்ணாடி. ஒரு கவனம் மட்டும் வேண்டும். இந்தச் சாயம் கரைந்திருக்கும் டீஎம்எஸ்ஓ 18.5 பாகையிலேயே உறையும். குளிரூட்டியிலிருந்து எடுத்த குப்பி பாதி உருகிய நிலையில் உறிஞ்சினால் ஒருநாள் ஜெல் பளீரென்றும் மறுநாள் மங்கலாகவும் வரும். முழுக்க உருகவிட்டு, கலக்கிய பிறகே பிப்பெற்றை வையுங்கள்.